பனிமனிதன் கிட் வாங்கலாமா? நரிமேட்டு மாடியிலிருந்து ஒரு விமர்சனம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை இருந்தால் ஃபெல்ட் துணியில் வரும் பெரிய பனிமனிதனை வாங்குங்கள். ஆனால் சுவரில் மாட்டுவதற்கு முன் ஊசி நூலோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கும். ஃபோம் ஷீட்டில் ஸ்டிக்கராக வரும் பத்து பொம்மை கிட் வேண்டவே வேண்டாம். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டது என்றால் எந்தக் கிட்டும் தேவையில்லை. 200 ரூபாயோடு டவுனுக்குள் ஒரு நடை போய்ச் சாமான் வாங்கிவந்தால் போதும், நீங்களே செய்துவிடலாம்.

இனி விவரம். மதுரை நரிமேட்டில் ஒரு வீட்டு மாடியில் சின்னதாக ப்ளே ஸ்கூல் நடத்துகிறேன். இரண்டரை வயதிலிருந்து ஐந்தரை வரை கலந்து வரும் பிள்ளைகள். கீழே வீட்டுக்கார அம்மா குடியிருக்கிறார். டிசம்பர் பிறந்தால் எங்களைப் போன்ற பள்ளிகளின் சுவரில் எல்லாம் பனிமனிதன் ஏறிவிடுவார். மதுரையில் மார்கழி விடியலில்கூடப் பெரிய குளிர் கிடையாது. இருந்தாலும் படப்புத்தகத்தில் 'குளிர்காலம்' என்ற பக்கத்தில் நிற்பவர் அவர்தான். பெற்றோர் போட்டோ எடுக்கக் கேட்பதும் அவரைத்தான். சரி, நிற்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எதை வாங்கி நிறுத்துவது என்பதில்தான் எனக்குக் கறார்.

இந்த முறை இரண்டு கிட் ஆன்லைனில் வாங்கினேன். கூடவே கடையில் சாமான் வாங்கி நாங்களாகவே ஒன்று செய்தோம். கம்பெனிப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஒரே பொருள் பத்துப் பெயரில் விற்கிறது. அட்டைப் படம் மட்டும்தான் மாறுகிறது.

ஃபெல்ட் பனிமனிதன் 399 ரூபாய். சுமார் மூன்றடி உயரம், மேலே ஒரு கயிறு, ஆணியில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. உடம்பு மூன்று உருண்டையாக ஒரே வெள்ளைத் துணியில் வெட்டியது. தொப்பி, மஃப்ளர், மூக்கு, கண், வாய், பொத்தான், கை இரண்டு, ஒரு துடைப்பம், ஒரு சிவப்புப் பறவை என்று தனித்தனித் துண்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் ஒரு வட்டமாக ஒட்டியிருக்கும். ஃபெல்ட்டே அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் உடம்பில் எதுவும் ஒட்டத் தேவையில்லை. பிள்ளைகள் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம், எடுக்கலாம், மறுபடி வைக்கலாம்.

பெட்டியைப் பிரித்து மாட்டியதும் வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தொப்பி வைக்கவில்லை, மஃப்ளர் கட்டவில்லை. தொப்பையும் மூக்கும் மட்டும்தான் இருந்தன. நாலு வயதுக்காரி ஒருத்தி எழுந்து வந்து, "மிஸ், பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒடிஞ்சு போச்சு" என்றாள். பக்கத்தில் இருந்தவன், "இல்ல மிஸ், இது குட்டிப் பிள்ளையாரு, இன்னும் வளரல" என்று சமாதானம் சொன்னான். மீனாட்சியம்மன் கோயிலின் பெரிய முக்குறுணிப் பிள்ளையாரைப் பார்த்து வளர்கிற ஊர்ப் பிள்ளைகள் வேறு எப்படி யோசிக்கும்? நான் திருத்தவில்லை. அன்று முழுக்க அவருக்குப் பிள்ளையார் மரியாதை கிடைத்தது. ஒருத்தன் தன் ஸ்நாக்ஸ் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கெட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

மஃப்ளரைக் கட்டிய பிறகுதான் பனிமனிதன் புரிந்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் குளிர் என்றால் தாத்தாவின் மஃப்ளர்தான். காலையில் டீக்கடைக்குப் போகும் தாத்தாக்கள் எல்லாரும் காதை மூடிக் கட்டுவதைத் தினமும் பார்க்கிறார்கள். "இவருக்குக் குளிருது" என்று ஒருவர் சொன்னதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. குல்லா எதற்கு, கை ஏன் குச்சியாக இருக்கிறது, மூக்கு ஏன் கேரட். பனியில் உருட்டிய ஆள், தோட்டத்திலும் சமையலறையிலும் கிடைத்ததை வைத்து முகம் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துப்போனது. மண் பொம்மைக்குப் புளியங்கொட்டையில் கண் வைக்கிறவர்கள்தானே இவர்களும்.

ஒரு பையனின் ஆச்சி ஊர் கொடைக்கானலுக்கு மேலே. "எங்க ஆச்சி வீட்டுல காலையில புல்லு மேல வெள்ளையா இருக்கும் மிஸ், தொட்டா கை வலிக்கும்" என்றான். அவன் சொன்னது உறைபனி. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவுகளில் காற்றின் ஈரம் புல் மேலேயே உறைந்து நிற்பது. அதை வழித்து உருட்டிப் பொம்மை செய்ய முடியாது. அதற்கு வானத்திலிருந்து கொட்டிக் குவிய வேண்டும். அதுவும் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி, லேசான ஈரத்தோடு இருந்தால்தான் உருண்டை பிடிக்கும். கடுங்குளிரில் விழும் உலர்ந்த பனி கையில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். இதைச் சொன்னதும் ஒரு குட்டி, "கோலமாவு மாதிரி" என்று சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

பொருளுக்கு வருவோம். ஃபெல்ட்டின் தடிமன்தான் முக்கியம். எனக்கு வந்தது இரண்டு மில்லிமீட்டர் இருக்கும், தொங்கும்போது நேராக நிற்கிறது. இதே படத்தைப் போட்டு 199 ரூபாய்க்கு வருவதை வேறொரு பள்ளியில் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இடுப்பில் மடங்கி, நடு உருண்டை கீழ் உருண்டைக்குள் புகுந்து நிற்கிறார், பாவம். விற்பனைப் பக்கத்தில் தடிமன் போடவில்லை என்றால் கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

குறை எங்கே என்றால், முதுகில் இருக்கும் அந்த வெல்க்ரோ வட்டங்கள். சூட்டுப் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் பிய்த்து எடுக்கும்போது வட்டம் ஃபெல்ட்டை விட்டுவிட்டுப் பனிமனிதன் மேலேயே தங்கிவிடுகிறது. முதல் வாரத்திலேயே தொப்பி விழ ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் ஊசி நூல் என்றேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் நாலு பக்கமும் ஒரு தையல் போட்டால் அப்புறம் அசையாது. கண்ணையும் வாயையும் நான் உடம்போடு சேர்த்தே தைத்துவிட்டேன். கண் ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர்தான், வாய்க்குள் போகிற அளவு. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எந்தத் துண்டு ஆபத்து என்று பார்க்க, பொம்மை சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளையை வைத்திருக்கிறார்கள். அழுத்தாமல் போட்டதும் ஒரு துண்டு முழுசாக அதற்குள் அடங்கினால் அது சிறு பிள்ளைக்கு ஆகாது. பழைய கேமரா பிலிம் ரோல் டப்பா யார் வீட்டிலாவது கிடந்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். என்னிடம் ஒன்று இருக்கிறது, எந்தப் பொம்மை வந்தாலும் முதலில் அதில்தான் போட்டுப் பார்ப்பேன்.

இன்னொன்று. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். இந்தப் பெட்டியில் எங்கு தேடியும் முத்திரை இல்லை. பெட்டியின் முன்பக்கம் குழந்தைகள் விளையாடும் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் 'அலங்காரப் பொருள்'. கெட்டிக்காரத்தனம். இரண்டு கிட்டிலுமே இதே கதைதான்.

கைவினைக் கிட் என்று அட்டையில் போட்டிருப்பதையும் நம்ப வேண்டாம். இதில் பிள்ளைகள் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம், நிறம் தீட்ட வேண்டாம். உடுத்திக் கழற்றி விளையாடலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த விளையாட்டு மூன்று வயதுக்கு அருமையாகப் பொருந்துகிறது. மூக்கைத் தொப்பையில் வைத்துவிட்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. காலையில் வந்ததும் பையைக்கூட வைக்காமல் நேரே போய்த் தொப்பியை மாற்றிவிட்டு வருகிற ஒருத்தி இருக்கிறாள். அழுதுகொண்டே வருகிற இன்னொருத்திக்கு அந்தப் பறவையைக் கையில் கொடுத்து, "இதுக்கு எந்த இடம் பிடிக்கும்னு பாரு" என்றால் அழுகை நின்றுவிடும். 399 ரூபாய்க்கு இது எனக்குக் கட்டுப்படியாகிறது.

பெட்டியில் ஒரு கை குறைந்தது. படம் எடுத்து அனுப்பினேன். கையை அனுப்ப வழியில்லையாம். 40 ரூபாயைத் திருப்பிப் போட்டார்கள். வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து நூலில் கட்டிவிட்டோம். அசல் ஃபெல்ட் கையைவிட அதுதான் நன்றாக இருக்கிறது.

ஃபோம் கிட்டைப் பற்றி அதிகம் எழுத மனசில்லை. 320 ரூபாய், பத்து பொம்மை, எல்லாம் முன்னாலேயே வெட்டி, பின்னால் பசையும் அதன் மேல் ஒரு மெழுகுத் தாளும். அந்தத் தாளைப் பிரிக்க எனக்கே நகம் வேண்டியிருந்தது. நாலு வயது விரலால் முடியாது. "மிஸ் பிரிச்சுத் தாங்க, மிஸ் பிரிச்சுத் தாங்க" என்று வரிசையில் நின்றார்கள். அன்று நான் செய்த வேலை அது ஒன்றுதான், அவர்கள் செய்த வேலை காத்திருந்தது. பொம்மையும் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். பெயர் எழுதாவிட்டால் எது யாருடையது என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

அதைவிட மோசம், கூடவே கொடுத்திருந்த சின்ன விளக்குச் சரம். அதன் பெட்டிக்குள் இரண்டு பொத்தான் பேட்டரி. மூடிக்குத் திருகாணி இல்லை, நகத்தால் தள்ளினால் திறந்துகொள்கிறது. இந்த வட்டப் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். வயிற்றுக்குள் போய்விட்டால் வெளியே வந்துவிடும் என்று காத்திருக்கிற சமாசாரம் இல்லை இது. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விளக்குச் சரத்தை அன்றே எடுத்து அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன். விற்றவருக்கு எழுதினேன். "பெரியவர்கள் கண்காணிப்பில் பயன்படுத்தவும்" என்று பதில் வந்தது. அந்த விளக்கு எரிகிற அழகுக்கு இவ்வளவு கண்காணிப்பு தேவையில்லை.

அடுத்து, சுவர் விஷயம். இதை எந்த விமர்சனத்திலும் யாரும் எழுதுவதில்லை. இந்த ஸ்டிக்கர்கள் எல்லாம் வழவழப்பான பெயின்ட் அடித்த சுவரை மனதில் வைத்துச் செய்தவை. எங்கள் மாடியில் வராந்தா முழுக்கப் பழைய சுண்ணாம்புச் சுவர். கையால் தடவினாலே வெள்ளை வரும். அதில் ஒட்டினால் பசை சுண்ணாம்புப் பொடியைப் பிடித்துக்கொண்டு பொத்தென்று விழும். உள்ளே வகுப்பறையில் டிஸ்டம்பர். அதில் காலையில் ஒட்டினால் மதியம் வரை இருக்கும். மூன்றாவது, போன வருஷம் எமல்ஷன் அடித்த ஒரே ஒரு சுவர். அதில் நன்றாக ஒட்டுகிறது. எடுக்கும்போது பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு வருகிறது. வீட்டுக்கார அம்மா படியேறி வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், ஒவ்வொரு ஓட்டைக்கும் அட்வான்ஸ்ல கழிப்பேன், சொல்லிட்டேன்" என்று போனார். விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

இதில் பருவமும் சேர்ந்துகொள்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நல்ல மழை பெய்த வாரத்தில் பழைய சுவர் ஓதம் காத்து நிற்கும். அப்போது இரட்டைப் பக்க டேப்பும் ஒன்றுதான், எச்சில் தொட்டு ஒட்டியதும் ஒன்றுதான்.

எனக்கு வழி காட்டியது என் மாமியாரின் பழைய சுங்குடிச் சேலை. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி. கட்டிக் கட்டி நைந்துபோய், போர்த்திக்கொள்ள வைத்திருந்தார். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த பழைய வகை, இப்போது வரும் அச்சு ரகம் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு அளவு. அதை இரண்டாக மடித்து, ஏற்கெனவே இருந்த இரண்டு ஆணிக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். வேறொன்றும் செய்யவில்லை. ராத்திரி வானத்தில் பனி கொட்டுகிற காட்சி அப்படியே வந்துவிட்டது. எந்தக் கிட்டிலும் இப்படி ஒரு பின்னணி எனக்குக் கிடைத்ததில்லை. பொம்மைகளைப் பசை போட்டு ஒட்டாமல், சேலையில் ஆளுக்கு இரண்டு ஓட்டுத் தையலில் தொங்கவிட்டோம். சுவரில் ஒரு ஓட்டைகூடப் புதிதாக விழவில்லை. வீட்டுக்கார அம்மா சேலையைத் தொட்டுப் பார்த்து, "இப்ப இந்தத் துணி கிடைக்காது டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அட்வான்ஸ் பேச்சு வரவில்லை.

சுங்குடி இல்லாவிட்டால் அடர் நிறத்தில் எந்தப் பழைய போர்வையும் சரிதான். கயிறும் துணி மாட்டும் கிளிப்பும் போதும். ஆனால் சுங்குடி சுங்குடிதான்.

இனி கடைச் சாமானில் செய்த பனிமனிதன். ஐந்து வயதுக்காரர்களுக்காக இதைச் செய்தேன். கடைசியில் எல்லாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

உடம்புக்கு வெள்ளைக் காகிதத் தட்டு. வழவழவென்று பிளாஸ்டிக் பூசிய தட்டு தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள். சில கடைகளில் இன்னும் எடுத்து நீட்டுகிறார்கள். தடையை விடுங்கள், இந்த வேலைக்கே அது ஆகாது. வெள்ளைப் பசை அதில் பிடிக்காமல் உரிந்து வரும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும் தட்டாகக் கேட்டு வாங்குங்கள். கிட்டில் எல்லாம் மூன்று உருண்டை, அது அமெரிக்கப் பழக்கம். ஜப்பானில் பனிமனிதனுக்கு இரண்டே உருண்டைதான். சின்னக் கைகளுக்கு இரண்டு தட்டுதான் சுலபம் என்று நாங்கள் ஜப்பான் பக்கம் சாய்ந்துவிட்டோம்.

பஞ்சு வாங்குவதில் கவனம் வேண்டும். தலையணைக்கு அடைக்கும் இலவம்பஞ்சு போடிப் பக்கத்திலிருந்து நிறைய வரும், விலையும் மலிவு என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். இலவம்பஞ்சு நார் வழுக்கும், பசையில் நிற்காது, மின்விசிறி சுற்றினால் வகுப்பு முழுக்கப் பறக்கும். மூக்கில் ஏறித் தும்மல்தான் மிச்சம். மருந்துக் கடையில் சுருளாக விற்கும் பஞ்சுதான் இதற்குச் சரி. அது ஈரத்தை உறிஞ்சுகிற பஞ்சு என்பதால் பசையையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவத் துணிக்கும் பேண்டேஜுக்கும் பேர்போன ஊர். நம் மருந்துக் கடைகளில் அந்தப் பக்கத்துச் சரக்கு சாதாரணமாகக் கிடைக்கும். 100 கிராம் சுருள் ஒன்று எங்கள் வகுப்புக்கே போதுமானதாக இருந்தது.

பஞ்சைப் பிய்த்து உருட்டுவதுதான் இதில் சுகமான வேலை. அதை மட்டும் ஒரு வகுப்பு நேரம் முழுக்கச் செய்தோம், பசையே எடுக்கவில்லை. மறுநாள்தான் ஒட்டினோம். பசையை விரலில் கொடுத்தால் பஞ்சு தட்டில் ஒட்டாது, விரலில்தான் ஒட்டும். ஒரு பையன் பத்து விரலிலும் பஞ்சோடு பேய் மாதிரி கத்திக்கொண்டு ஓடினான். தட்டில் நான் ஃபெவிகாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தடவிக் கொடுத்தேன், அவர்கள் உலர்ந்த கையால் பஞ்சை வைத்து அழுத்தினார்கள். மழை நாளில் வெள்ளைப் பசை காய நேரமாகும். அதில் உள்ள தண்ணீர் போனால்தான் இறுகும். ராத்திரி முழுக்கப் படுக்கை வாக்கில் விட்டுவிட்டு மறுநாள் தூக்குங்கள். தெர்மாகோல் மணிகளைத் தூவினால் அழகாக இருக்கும் என்பார்கள். பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்ளும் பொருள்களில் அதற்குத்தான் முதலிடம். நான் உள்ளேயே விடுவதில்லை.

பொத்தானுக்கும் மஃப்ளருக்கும் புதுமண்டபத்துத் தையல்காரர்களிடம் போனேன். கடைகள் மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன, ஆனால் வாயில் வருவது இன்னும் புதுமண்டபம்தான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம், கருப்பசாமி வேஷம் தைக்கிற கைகள். வெட்டிப்போட்ட சிவப்பு வெல்வெட், பச்சை சாட்டின், ஜரிகைக் கரை எல்லாம் மூலையில் மூட்டையாகக் கிடந்தது. எதற்கு என்று கேட்டார் பெரியவர். சுவரில் ஒட்டுகிற பொம்மைக்குக் கழுத்துத் துண்டு என்றேன். "என்னம்மா டீச்சர், பொம்மைக்கா? அப்ப ஜரிகை வச்சதா எடுத்துக்க" என்று அவரே ஒரு பை நிறையப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, 20 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். பெரிய பொத்தான்கள் தனி, அதற்கு 30 ரூபாய். ஜரிகை வைத்த சிவப்பு வெல்வெட் மஃப்ளரோடு நிற்கிற பனிமனிதனை நீங்கள் எந்தக் கிட்டிலும் வாங்க முடியாது. எங்கள் சுவரில் இப்போது அப்படிப் பதினைந்து பேர் நிற்கிறார்கள், பாதிப் பேர் மாப்பிள்ளை தோரணையில்.

தொப்பிக்குப் பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம், கறுப்புச் சாயம் பூசி. மூக்குக்கு ஆரஞ்சு வண்ணக் காகிதம்; முக்கோணம் வெட்டுவது நாலரை, ஐந்து வயதுக்கு முடியும், வட்டம் வெட்டுவது கஷ்டம். கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நட்சத்திரப் பனித்துகள் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை. நான் படித்தது இயற்பியல், அதனால் இது என்னால் தாங்க முடியாத விஷயம். ஃபோம் கிட்டில் இருந்த பனித்துகள்களுக்கு எட்டுக் கை. அட்டைப் படத்தில் ஒன்றுக்கு ஐந்து கை. வானத்திலிருந்து விழுகிற பனித்துகளுக்கு ஆறுதான். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்கின்றன, அந்த அடுக்குத்தான் வெளியில் ஆறு கையாக வளர்கிறது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, 1885-ல் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். சாகும் வரை 5000-க்கு மேல் எடுத்தார். அத்தனையிலும் எட்டுக் கை இல்லை. பிள்ளைக்குத் தப்பான பனித்துகளைச் சுவரில் மாட்டிக் காட்டுவதற்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

இதைச் சரியாகச் செய்யக் காகிதத்தை மடித்து வெட்டும் வித்தை இருக்கிறது, அது பெரியவர்களுக்கு. மடித்த காகிதம் பல தாள் தடிமன், சின்னக் கை அழுத்தினால் கத்தரிக்கோல் நகராது. எங்கள் வழி ஐஸ் குச்சி. மூன்று குச்சிகளை நடுவில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஒட்டினால் ஆறு கை. எண்ணிப் பார்க்கவும் சொல்லலாம்: மூன்று குச்சி, ஆறு முனை. நுனியில் கொஞ்சம் பஞ்சு. கோணம் ஒரே அளவாக வர வேண்டும் என்று நினைத்தபோதுதான் ஆயா அக்கா ஒரு யோசனை சொன்னார். மார்கழி மாதம், வாசலில் தினமும் பெரிய கோலம். "இடைப்புள்ளி 7, 4 வச்சா தானா வந்துருமே டீச்சர்." உண்மைதான். நாலில் ஆரம்பித்து ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறி மறுபடி நாலுக்கு இறங்கும் அந்தப் புள்ளிக் கட்டமே ஓர் அறுகோணம். வராந்தாத் தரையில் அவர் புள்ளி வைத்தார், பிள்ளைகள் நடுப்புள்ளியிலிருந்து ஆறு மூலைக்கும் குச்சியை வைத்தார்கள். பாகைமானி தேவைப்படவில்லை. பனி பார்த்தே இராத ஆயா அக்காவிடம் கிடைத்த அறுகோணம், 320 ரூபாய்க் கிட்டில் கிடைக்கவில்லை.

செலவைக் கேட்டால்: பஞ்சு 80, தட்டு 40, பொத்தானும் துணியும் 50, ஐஸ் குச்சி 20. பசையும் சாயமும் வீட்டில் இருந்தது. பதினைந்து பிள்ளைகளுக்கு 190 ரூபாய். நேரம் அதிகம் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. தரை கூட்டுவது தனி. வேலைக்குப் போய்வந்து ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிள்ளையோடு உட்காருகிற அம்மா அப்பாவிடம் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு ஃபெல்ட்டே நல்லது. தையல் மட்டும் ஞாயிற்றுக்கிழமை போட்டுவிடுங்கள்.

மூன்று பெற்றோர் ஃபெல்ட்டின் லிங்க் கேட்டார்கள். ஏழெட்டுப் பேர் சேலையைக் கேட்டார்கள், அதாவது அதே மாதிரி எங்கே கிடைக்கும் என்று. மாமியாரிடம் சொன்னேன். பொங்கலுக்குள் சேலை திரும்ப வந்தாக வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

கடைசியாக ஒன்று, ஃபெல்ட்டை எடுத்து வைப்பது பற்றி. வந்த மாதிரியே மடித்து வைக்காதீர்கள், இடுப்பில் விழுந்த மடிப்பு அடுத்த டிசம்பருக்கும் போகாது. பேப்பர் சுருளில் சுற்றி வையுங்கள். மடிப்பு விழுந்துவிட்டால் நேராக இஸ்திரி வைக்கக் கூடாது. இந்த விலைக்கு வருவது பெரும்பாலும் பாலியஸ்டர், உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு, சூட்டை ரொம்பக் குறைத்து, தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். துண்டுகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். வெல்க்ரோ வட்டங்கள் உடம்புத் துணியில் உரசிக்கொண்டே இருந்தால் ஃபெல்ட் பிசிறடித்துவிடும்.